சட்டிச் சோறும் பிரஷர் மாத்திரையும்

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 49 வயது. விசைப்படகில் தொழில். காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வருவார். கல்யாணமாகி 23 வருடமாக, அவர் கரைக்கு வரும் நாளில் அந்த வீட்டில் ஒரே சாப்பாடுதான். முதல் நாள் வைத்த கருவாட்டுக் குழம்பை மண்சட்டியில் நன்றாகச் சுண்டவைத்து இறக்கியிருப்பார் மனைவி. கணவர் பழைய சோற்றைப் பிழிந்து அந்தச் சட்டியிலேயே போட்டு, ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருக்கும் குழம்பைச் சோற்றாலேயே துடைத்துப் பிசைவார். முதல் உருண்டை மனைவிக்கு, அடுத்தது அவருக்கு. சட்டி காலியாவதற்குள் கடலில் நடந்த கதையெல்லாம் வந்துவிடும். "அவர் மனசு விட்டுப் பேசுறதே அந்தச் சட்டியச் சுத்தி உக்காந்திருக்கும்போதுதான்" என்று எழுதியிருக்கிறார்.

பிப்ரவரியில் ஊரில் நடந்த முகாமில் கணவருக்கு இரத்த அழுத்தம் 164/102 இருந்தது. மறுவாரம் பார்த்தபோதும் ஏறத்தாழ அதேதான். சர்க்கரை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறையுங்கள், கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாமனார் 57 வயதில் பக்கவாதம் வந்து இறந்தவர் என்பதால் இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மீன்பிடித் தடைக்காலத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த உப்புப் போட்ட சீலா, பாறைக் கருவாடு, உப்புப் போடாமல் வலை விரித்துக் காயவைத்த நெத்திலி எல்லாவற்றையும் மொத்தமாக நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கணவருக்கு மட்டும் உப்பும் மிளகாயும் இல்லாமல் தனிக் குழம்பு, மற்றவர்களுக்கு வேறு குழம்பு. யாரோ சொன்னார்கள் என்று இந்துப்பு வாங்கினார். அப்புறம் இன்னொருவர் சொல்லி, 'லோ சோடியம்' உப்புப் பாக்கெட்டும் வாங்கி வைத்திருக்கிறார்.

இப்போது தடைக்காலம். படகு கரையில் கிடக்கிறது. மத்தியானம் ஆனால் கணவர் பசியில்லை என்கிறார். ஒருநாள் அவர் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது கருவாட்டு வாசம் அடித்திருக்கிறது. அக்கா வீட்டில் சாப்பிட்டு வந்திருக்கிறார். இவர் கொடுத்தனுப்பிய அதே கருவாடு. சண்டை நடக்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து பேச்சுக் குறைந்துவிட்டது. போதாததற்கு மாமியார், "நீ ஆக்கிப் போட்டதுதான் அவன் ஒடம்புல ஏறிருச்சு" என்று சொல்லிவிட்டாராம். கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள்: நான்தான் காரணமா? சட்டிச் சோறு இனிமேல் கிடையாதா? பழைய சோற்றையும் நிறுத்த வேண்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

மூன்றாவது கேள்விக்குப் பதில் எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். சர்க்கரை இல்லாத உங்கள் கணவருக்குப் பழைய சோற்றால் ஒரு கெடுதலும் இல்லை. அதில் கல் உப்பை அள்ளிப் போட்டுக் கரைப்பதும், கூட வைத்துக்கொள்ளும் ஊறுகாயும்தான் பிரச்சினை. உப்புப் போடாத மோரும் சின்ன வெங்காயமும் போதும்.

உங்கள் கை செய்த குற்றமா?

இந்தக் கேள்வியை எழுதும்போது உங்கள் எழுத்தே மாறியிருக்கிறது. வரிகள் கோணலாகிவிட்டன. அதனால் தெளிவாகச் சொல்கிறேன். உங்கள் கணவரின் பிரஷருக்கு நீங்கள் காரணம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. அது குடும்ப வழியாக வந்திருக்கக்கூடும். வயது ஐம்பதை நெருங்குகிறது. வருடக்கணக்கில் இரவுத் தூக்கம் ஒழுங்காகக் கிடைக்காத தொழில். இவையெல்லாம் சேர்ந்து கொண்டுவருவதுதான் இரத்த அழுத்தம். அதிகப்படியான உப்புக்கும் அதில் பங்கு உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த உப்பு உங்கள் வீட்டு அடுப்பிலிருந்து மட்டும் வரவில்லை. படகில் பொங்குகிற சாப்பாடு, டீக்கடை வடை, மிக்சர், ஊறுகாய் எல்லாவற்றிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஐஸ் எட்டிப் பார்க்காத காலத்தில், பட்ட மீனைக் கெடாமல் வைக்க நம் கடற்கரைக்கு இருந்த வழி வெயிலும் உப்பும்தான். வாலிநோக்கத்தில் உப்பளம், பக்கத்திலேயே மீன். உங்கள் மாமியாரும் அவருடைய மாமியாரும் இதையே ஆக்கிப் போட்டார்கள். குடும்பத்தைப் பசியில்லாமல் வைத்திருந்த சாப்பாடு இது. மாமியார் சொன்னது மகனைப் பற்றிய பயத்தில் வந்த வார்த்தையாகத்தான் எனக்குப் படுகிறது. பக்கவாதத்தில் கணவரைப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் பதில் சொல்வதைவிட மருத்துவர் வாயால் கேட்டால் அவருக்கு மனம் ஆறும்.

உப்புக் கணக்கு

பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு, சோறு, கடையில் வாங்கித் தின்பது எல்லாம் சேர்த்து இவ்வளவுதான். இந்த அளவு பிரஷர்காரருக்கு மட்டும் உரியது இல்லை. எல்லாப் பெரியவர்களுக்கும் இதேதான், பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு.

இப்போது கருவாட்டுக்கு வருவோம். உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்த சீலா, பாறை போன்ற பெரிய கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே உப்பு இருக்கும். 30 கிராம் துண்டு ஒன்றைத் தின்றால் அதிலேயே 3 கிராமாவது உள்ளே போய்விடுகிறது. வெந்நீரில் ஊறவைத்தால் உப்பு போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்கும், ஆனால் முழுவதும் இறங்காது. அதனால் இந்தப் பெரிய கருவாடு விஷயத்தில் அந்த மருத்துவர் சொன்னதை அப்படியே கேளுங்கள். கூட்டத்தில் ஒரு நோயாளிக்கு அவருக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் கருவாடு வேண்டாம் என்றுதான் சொல்ல முடியும். எது உப்புப் போட்டது, எது போடாதது என்று பிரித்துச் சொல்ல நேரம் இருந்திருக்காது.

உங்கள் நெத்திலியின் கதை வேறு. உப்புப் போடாமல் வெறும் வெயிலில் காய்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீனில் இயல்பாக இருக்கும் கொஞ்சம் உப்பு அதில் உண்டு. மணலோடும் கடல் தண்ணீரோடும் ஒட்டிய உப்பும் கொஞ்சம் உண்டு. அலசினால் அதுவும் பெரும்பாலும் போய்விடும். பிரஷர் கட்டுக்குள் வந்ததும், உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வாரம் ஒருமுறை இதைச் சமைக்கலாம் என்பது என் கருத்து. சட்டிச் சோறு திரும்ப வரும் வழி இதுதான்.

கடலில் வேர்வை கொட்டுகிறவனுக்கு உப்பு வேண்டும் என்று அவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேர்வையில் உப்பு போவது உண்மை. ஆனால் நம் வழக்கமான சாப்பாட்டில் இருக்கும் உப்பே அதை ஈடுகட்டப் போதும். கடலில் அவருக்கு வேண்டியது போதுமான குடிதண்ணீர். அதுவும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கிடந்தால் தலைசுற்றல் வரும்.

அந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து வெளியே வையுங்கள்

கடிதத்திலேயே எனக்கு உண்மையான கவலை தந்த இடம் இதுதான். லோ சோடியம் உப்பில் சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பலருக்கு அது நல்லதுதான். ஆனால் உங்கள் கணவர் சாப்பிடும் டெல்மிசார்டன், உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும் வகை மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் கூடி, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பரிசோதித்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

இந்துப்பு ஆபத்தில்லை, ஆனால் அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். பணம்தான் கூடுதல், அயோடினும் இருக்காது. சாதாரண அயோடின் உப்பையே அளவாகப் போடுங்கள்.

அப்புறம், உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் கடல் தொழிலாளர்களில் நிறைய பேருக்கு உண்டு. நான் பார்க்கும் நோயாளிகளிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அந்த மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும், டெல்மிசார்டனோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். அவரிடம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். புகையும் குடியும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இரண்டும் பிரஷருக்கு எதிரிதான்.

இரண்டு சட்டி வேண்டாம்

சகோதரி, நீங்கள் அக்கறையோடு செய்த காரியத்தில் எனக்கு உடன்பாடில்லாதது இது ஒன்றுதான். ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் சப்பென்று ஒரு குழம்பை வைத்து, மற்றவர்களுக்கு மணக்க மணக்க இன்னொரு குழம்பை வைத்தால், அவர் தன்னை நோயாளி என்று ஒவ்வொரு வேளையும் உணர்கிறார். 23 வருடமாக ஒரே சட்டியில் சாப்பிட்ட மனிதர் அவர். அவர் அக்கா வீட்டுக்குப் போனது கருவாட்டு ஆசையால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே அவருக்கு எல்லோரோடும் சேர்ந்த சாப்பாடு கிடைத்தது.

ஆகவே ஒரே குழம்பு, எல்லோருக்கும் குறைந்த உப்பு. காலையில் உங்கள் இருவருக்கும் அன்றைக்கு உண்டான உப்பை, தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன், ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சமையலுக்கு அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இருவருக்குமான அளவில் மீதி அரை டீஸ்பூன், நமக்குத் தெரியாமல் கடைத் தின்பண்டத்தில் வருவதற்கு. கிண்ணம் அவர் கண்ணிலும் படட்டும். அவருக்குத் தெரியாமல் உப்பைக் குறைத்துப் போடுவது, கேட்டால் போட்டிருக்கிறேன் என்று சொல்வது இரண்டும் வேண்டாம். உடம்பு அவருடையது, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. நீங்களும் அவருக்குக் காவல்காரர் இல்லை.

நாக்கு பழகுமா என்று கேட்பீர்கள். பழகும், ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு கையில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வருடத்தில் வேறு எப்போதும் இத்தனை நாள் தொடர்ந்து அவர் உங்கள் கைச்சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை. அவர் திரும்பக் கடலுக்குப் போவதற்குள், படகுச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று அவர் நாக்கே கண்டுபிடித்துவிடும்.

நெத்திலிக் குழம்பு, இந்த முறைக்கு

நான் மருத்துவன்தான் என்றாலும் இந்தக் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவன். என் மனைவி எங்கள் வீட்டில் வைக்கும் பக்குவத்தைச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாதது இதில் அதிகம் இருக்காது.

இரண்டு கைப்பிடி நெத்திலி. தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் போட்டு, மணல் போக மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். ஐந்தாறு குண்டு மிளகாய், இரண்டு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் சீரகம், கொஞ்சம் மிளகு, இவற்றை வறுத்துத் தேங்காய்த் துருவல் இரண்டு ஸ்பூனோடு அரைத்துக்கொள்ளுங்கள். காரத்தையும் குறைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். காரத்தால் பிரஷர் ஏறும் என்ற பயம் வேண்டாம். வயிற்றுப் புண் இல்லையென்றால் மிளகாயைத் தாராளமாகத் திரும்பச் சேருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயை வீட்டில் வைத்துக்கொண்டு சப்பென்று சாப்பிடுவானேன்?

மண்சட்டியில் நல்லெண்ணெய் இரண்டு கரண்டி, வெந்தயம், கறிவேப்பிலை. உப்புச் சேர்த்த வடகத்தைத் தாளிக்க வேண்டாம். சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல் முழுசாகப் போட்டு வதக்கி, தக்காளி, கத்தரிக்காய், அப்புறம் அரைத்த மசாலா, புளிக் கரைசல். காய் வெந்த பிறகு மாங்காய்த் துண்டும் நெத்திலியும். உப்பை ஆரம்பத்தில் போடாதீர்கள். எல்லாம் கொதித்து அடங்கியபின் ருசி பார்த்து, இரண்டு மூன்று பேர் சாப்பிடும் சட்டிக்குத் தலை தட்டிய கால் டீஸ்பூன். கடைசியில் போடும் உப்பு நாக்கில் நன்றாகத் தெரியும், மாங்காயின் புளிப்பு மீதிக் குறையை மூடிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மறுநாள் குழம்பு சுண்டும்போது உப்பும் கூடித் தெரியும். அதனால் முதல் நாள் இரவு கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும் பதத்திலேயே இறக்கிவிடுங்கள். காலையில் சட்டிச் சோற்றுக்கு அது சரியாக இருக்கும்.

மற்ற நாட்களுக்குப் பச்சை மீன் இருக்கிறது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வரும். சூடை, சாளை எதுவும் நல்லதுதான், இதயத்துக்கும் உகந்தது. இரண்டாவது மகள் பிறந்தபோது, உங்கள் அம்மா வர முடியாத அந்த ஒரு வாரம் உங்கள் கணவரே காரல் மீனைப் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுத் தண்ணியாகக் குழம்பு வைத்துத் தந்ததைக் கடிதத்தின் ஓரத்தில் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிகளைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். உப்புக் குறைவாகவே நன்றாக வரக்கூடிய குழம்பு அது. மிளகும் பூண்டும் பார்த்துக்கொள்ளும். இந்தத் தடைக்காலத்தில் அதை அவரையே வைக்கச் சொல்லுங்கள். படகில் சமைத்துப் பழகிய கை, பின்னாளில் அந்தக் குறைந்த உப்புப் பக்குவம் படகுச் சட்டிக்கும் போகும்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது

சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் மேல் அளவு நான்கைந்து புள்ளி இறங்கலாம். 164-ல் இருப்பவருக்கு அது மட்டும் போதாது. மாத்திரை தொடர வேண்டும், எண்கள் சரியான பிறகும் தொடர வேண்டும். மேல்கையில் கட்டும் வகை பிரஷர் கருவி கிடைத்தால் வாங்குங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். தடை முடிந்து தொழிலுக்குப் போகும்போது மாத்திரை படகுக்கும் போக வேண்டும். தண்ணீர் படாத சின்ன டப்பாவில் இரண்டு நாளுக்கு உண்டானதைப் போட்டுக் கொடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் பதிவாகியிருக்கிறதா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் பிரஷர் எவ்வளவு என்று ஒரு இடத்திலும் இல்லை. அதே சட்டியில் 23 வருடம் சாப்பிட்டவர் நீங்களும்தான். இந்த வாரமே போய்ப் பாருங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு.

அப்புறம் அந்த மௌனம். கருவாட்டு வாசத்தைப் பற்றிக் கேட்டு அவரைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம், அவருக்கே உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருக்கும். "இன்னைக்குச் சட்டிச் சோறு. உப்பு கம்மிதான். நல்லா இல்லன்னா சொல்லுங்க, சேந்து சரி பண்ணுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிரில் உட்காருங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சாயங்காலம் இரண்டு பேருமாக நாத்தனார் வீட்டுக்குப் போய், கொடுத்ததில் நெத்திலியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கி வாருங்கள்.